கீழ்வீட்டின் மேல் ஒரு முறைப்பாடு

மொன்றியல்,
ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள ஆரூரன் அண்ணாவுக்கு,

தங்கை நிருஷா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நடந்த எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமானதையும் அப்பாவுக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன். அப்பா இரண்டு வரி போதும் என்கிறார். இதனுடன் மடித்து வைத்திருக்கும் தாளில் கையெழுத்து வைத்து உடனே திருப்பி அனுப்பவும், மற்றதெல்லாம் பேந்து கதைப்போம் என்று எழுதச் சொன்னார். ஆனால் அந்தத் தாளைப் பிரெஞ்சில் எழுதியது நான்தான். அது எப்படி உண்டானது என்று தெரியாமல் நீங்கள் அதில் கையெழுத்து வைக்கக் கூடாது. ஆகவே இதை முழுவதும் வாசித்துவிட்டுப் பேனையை எடுங்கள்.

கல்கரியில் பனி விட்டுவிட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு எழுதும்படி அம்மா சொன்னார். நாங்கள் வட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் நீங்கள் ஒரு பெருவிரலை மட்டும் அனுப்புகிறீர்கள். அந்த விரலைப் பெரிதாக்கிப் பார்த்து, மெலிந்துவிட்டீர்களா என்று கண்டுபிடிக்க அம்மாவால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் அறையைக் கூட்டிவிட்டுக் கதவை மறுபடி சாத்திவிடுகிறார்.

வழக்கு கைவிடப்பட்டதை வழக்கறிஞர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். விமான நிலைய அனுமதி அட்டைக்கு நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லியிருப்பார். கீழ்வீட்டுச் சண்முகலிங்கம் மாமாவிடமிருந்து வாக்குமூலம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அது அவருக்கே தெரியாது. அதைச் சொல்வதற்கு முதலிலிருந்து தொடங்கவேண்டும். தெரிந்த கதையை ஏன் எழுதுகிறாள் என்று சலிக்காதீர்கள். வரிசையாக எழுதாவிட்டால் என் கோபம் எனக்கே விளங்காமல் போகிறது.

சண்டை, நான் பெரியபிள்ளையானதுக்கு வைத்த சாமத்தியச் சடங்கில் தொடங்கியது. எனக்கு அந்தச் சடங்கே வேண்டாம் என்று இருந்தது. மண்டபமும் வேண்டாம், மேலே பறந்து படம் எடுத்த அந்த இயந்திரமும் வேண்டாம். ஊரில் இருக்கும் அம்மாவின் சகோதரர் கந்தசாமி மாமாவுக்கு விசா கிடைக்காதபடியால் அம்மாவின் பக்கத்தில் தாய்மாமனாக நிற்க இங்கே ஒருவரும் இல்லை. கீழ்வீட்டு மாமாதான் நிற்பார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். அப்பாவும் அவரும் இங்கே வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே அறையில் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவித்த ஆட்கள். இந்த வீட்டையே வங்கி தனித்தனியாகக் கடன் தராதபடியால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே உறுதிப் பத்திரத்தில் வாங்கினார்கள். மேலே நாங்கள், கீழே அவர்கள், வரிக் கடிதம் இரண்டு பெயருக்கும் ஒன்று. அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு அப்பா ரொறன்ரோவிலிருந்து அம்மாவின் தூரத்து ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் வீடு விற்கும் தரகர், பெரிய காரில் வந்து இறங்கினார். மாமா புது வேட்டி சால்வையோடு மண்டப வாசலில் நின்றபோதுதான், தேங்காய் உடைக்கப்போவது வேறு ஆள் என்று அவருக்குத் தெரிந்தது. சாப்பிடாமல் போய்விட்டார். ஞானாம்பிகை மாமியும் மகள் துஷாந்தினி அக்காவும் அவர் பின்னால் போனார்கள்.

அதை நான் அவர் பக்கத்து நியாயமாக எழுதுகிறேன். இனி எங்கள் பக்கத்து நியாயம்.

போன வருடம் மாசி மாதத்து அந்த விடியற்புறத்தை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். நீங்கள் இரவு வேலை முடித்து டோர்வல் விமான நிலையத்திலிருந்து வந்தீர்கள். முன்கதவுப் பூட்டு உறைந்துபோயிருந்தபடியால் பின்படியால் ஏறினீர்கள். கதவுச் சத்தம் கேட்டு நான் எழும்பிச் சமையலறை யன்னலுக்கு வந்தேன். பின்முற்றத்து விளக்கு உங்கள் முகத்தில் நேரே விழுந்தது. கீழே, முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அறையில், மாமா தன் யன்னலில் நின்றார். நீங்கள் கையைக் காட்டி, “மாமா, நான்தான்” என்றீர்கள். அது எனக்குக் கேட்டது என்றால் அவருக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் அவர் பொலிசுக்கு அழைத்துக் கள்ளன் ஏறுகிறான் என்று சொன்னார். அவர்கள் உங்களைப் பனியில் முகங்குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்தார்கள். ஒரு கையுறை கழன்று போயிற்று. சாப்பாட்டுப் பெட்டி திறந்து சோறு பனியில் கொட்டிக் கிடந்தது. கையை இழுத்தீர்கள் என்று உங்கள் மேல் வழக்குப் போட்டார்கள், அதனால் அனுமதி அட்டை போனது, வேலை போனது, நீங்களும் போனீர்கள். இவ்வளவும் நடந்தபோது மாமா யன்னலில் தேநீர்க் கோப்பையோடு நின்றார். அதிலிருந்து ஆவி பறந்தது. அண்ணா, பனியில் கிடந்த உங்கள் முகத்தை விட அந்த ஆவிதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. ஒரு ஆள் எப்படித் தேநீரை ஆறவிடாமல் குடித்துக்கொண்டு அதைப் பார்க்கலாம்?

இனி சட்டத்தைப் பற்றி. மார்கழி மாதத்தில் எங்கள் நகரசபையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா வழக்கம்போல அதைப் பீட்சா விளம்பரங்களோடு சேர்த்து எறியப்போனார். நான் வாங்கி வாசித்தேன். பொலிசுக்கு நகரசபைகள் கொடுக்கவேண்டிய பங்கைப் புதிய சட்டம் ஒன்று கூட்டிவிட்டதாம். அந்தப் பாரத்தை நகரசபை வீட்டுச் சொந்தக்காரர்களின் தலையில் இறக்கிவிட்டது. வீட்டு வரி ஒரு பக்கம் ஏறும். அதோடு, ஒரு முகவரிக்கு அளவுக்கு மேல் பொலிஸ் வந்தால் பிறகு வரும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. யார் கூப்பிட்டாலும், யாருக்காக வந்தாலும், கட்டவேண்டியது அந்த வீட்டின் சொந்தக்காரர். உங்கள் விஷயத்துக்குப் பிறகு பனி தள்ளுவதிலும் கார் நிறுத்துவதிலும் இரண்டு வீட்டாரும் மாறி மாறிப் பொலிசைக் கூப்பிட்டதில் எங்கள் முகவரி அந்த அளவைத் தாண்டிவிட்டது.

இந்தச் சட்டத்தால் தெருவே மாறிவிட்டது. மூலைக் கட்டிடத்துச் சொந்தக்காரர், பொலிசைக் கூப்பிடுகிறவர் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று படிக்கட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். அங்கே இரண்டாம் மாடியில் இருக்கும் பெண்ணை அவளுடைய முன்னாள் கணவன் வந்து மிரட்டும்போது, அவள் இப்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஆசிரியை நன்றாக இருக்கிறது என்றார். அதே சட்டத்தை வீட்டில் நான் என்ன செய்தேன் என்பது அந்தக் கட்டுரையில் இல்லை.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் முதலில் நகரசபையைத் திட்டினார். பிறகு மெல்ல, “கட்டணத்தை எப்பிடிப் பிரிக்கிறது?” என்று கேட்டார். உறுதியில் உள்ள பங்குப்படி என்றேன். கீழ்வீட்டோடு நிலவறையும் சேர்ந்தபடியால் நூறில் அறுபது அவர்களுடையது, நாற்பது எங்களுடையது. அப்பா விரலில் கணக்குப் போட்டார். “அப்ப ஒவ்வொரு தரமும் எங்களை விட அவனுக்குத்தான் கூடச் சுடும்” என்றார். அம்மா, “உங்களுக்கென்ன விசரோ, எங்கடை காசுமெல்லோ போகுது” என்றார். அதற்கு அப்பா, “என்ரை மூக்குப் போனாலும் பரவாயில்லை, அவனுக்குச் சகுனம் பிழைக்கவேணும்” என்றார். எனக்கு அது மிகவும் பிடித்தது. நான் சிரித்தேன்.

தொலைபேசியில் அழைத்தது நான். அப்பாவின் பிரெஞ்சு கடைவாசலில் ‘போன்ஷூர்’ சொல்வதோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு தடவையும் பொய் சொல்லவில்லை. நகரசபையின் விதிகள் எல்லாவற்றையும் எடுத்து வாசித்து, அவர்கள் உண்மையாகவே மீறும் வரைக்கும் யன்னலில் காத்திருந்தேன். மாமா பனியைத் தெருவில் தள்ளினார், அழைத்தேன். துஷாந்தினி அக்காவின் சிநேகிதி தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் காரை நிறுத்தினாள், அழைத்தேன். அவர்களும் சும்மா இருக்கவில்லை. அப்பா காலையில் காரைச் சூடாக்க விட்டுவிட்டு மேலே வந்தால் அதற்கு ஒரு பொலிஸ். அம்மா வேலைக்குப் போகுமுன் மிக்சியில் சம்பல் அடித்தால் அதற்கு ஒரு பொலிஸ். வந்த பொலிஸ்காரி, “இந்த வீட்டுக்கு நான் வாடகை கொடுக்க வேண்டிவரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு தைப்பொங்கல் வந்தது. முந்தி அப்பாவும் மாமாவும் சேர்ந்துதான் பின்முற்றத்தில் பனியை வழித்து, கல்லு வைத்து, விறகில் பொங்குவார்கள். அயலார் கேட்டால் பார்பிக்யூ என்பார்கள். இந்த முறை மாமா தனியாகச் செய்தார். மாமி குளிர்ச் சட்டைக்கு மேலே சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். முற்றத்தில் திறந்த நெருப்பு மூட்டக்கூடாது என்பது விதி. நான் உடனே அழைக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். பால் ஏறும் நேரத்தைக் கணக்குப் பார்த்து அழைத்தேன்.

அவர்கள் வந்தபோது பால் பானையின் கழுத்துக்கு வந்துவிட்டது. மாமா கையைக் கூப்பி, தன் உடைந்த பிரெஞ்சில், “ஐந்து நிமிடம் ஐயா, ஐந்து நிமிடம்” என்று கேட்டார். ஒருவன் பனி வழிக்கும் மாமாவின் சவளையே எடுத்துப் பனியை அள்ளி அடுப்பின் மேல் போட்டான். புகை எழும்பியது. பால் அப்படியே கீழே இறங்கிவிட்டது. மாமி தலைப்பால் முகத்தை மூடினார். மாமா நிமிர்ந்து எங்கள் யன்னலைப் பார்த்தார். நான் திரையை இழுக்கவில்லை. பார்க்கட்டும் என்று நின்றேன். என் கையிலும் அப்போது ஒரு தேநீர்க் கோப்பை இருந்தது. அதை நான் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

அன்றைக்கு எங்கள் மின்னடுப்பில் பொங்கல் நன்றாகப் பொங்கி வழிந்தது. அம்மா அதில் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாசி மாதக் கடைசியில் உங்கள் வழக்கறிஞர் அம்மாவுக்கு அழைத்தார். வந்தது வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துதான் அழைத்தேன் என்று மாமா எழுதித் தந்தால் வழக்கு நிற்காது, இல்லாவிட்டால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். தங்கை சொல்வது செல்லாதா என்று கேட்டேன். தங்கை அப்படித்தான் சொல்வாள் என்று எதிர்ப்பக்கம் சொல்லுமாம். அம்மா அன்று பின்னேரமே கீழே போனார். வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார். மாமா உள்ளே இருந்துகொண்டு, “கேட்கவேண்டிய ஆள் கேட்கவேண்டிய மாதிரி வந்து கேட்கட்டும்” என்று மாமியிடம் சொல்லி அனுப்பினாராம். அம்மா அதை அப்பாவிடம் சொன்னதும் அப்பா மேசையில் அடித்தார். “அவனிட்டை நான் வெத்திலைத் தட்டத்தோடை போறதோ? என்ரை பிள்ளையைப் பனியிலை போட்டவனிட்டை?” என்றார். அம்மா, “உங்கடை பிள்ளை கல்கரியிலை தனிய இருந்து பாண் திண்டுகொண்டிருக்கிறான், நீங்கள் இஞ்சை மூக்கைப் பற்றிக் கதையுங்கோ” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

நான் அந்த விதிகளை மறுபடி எடுத்து வாசித்தேன். பன்னிரண்டாம் பிரிவு அப்போதுதான் கண்ணில் பட்டது. தெரிந்துகொண்டே பொய்யாகப் பொலிசை அழைத்தவர் யாரென்று நிரூபித்தால், அந்த அழைப்பு போன வருடத்தது என்றாலும், கட்டணம் வீட்டுப் பங்குப்படி பிரியாது. இந்த வருடத்து மேலதிகக் கட்டணம் முழுவதும் அவர் ஒருவர் தலையில் விழும். அதன் மேல் அபராதமும் உண்டு. விரலை வைத்து இன்னொருமுறை வாசித்தேன். வழக்கறிஞருக்குத் தேவையான அதே வாக்குமூலம்தான் இதற்கும் தேவை. மாமா உங்களைக் காப்பாற்ற ஒரு வரி எழுதினால், அந்த வரியே அவரைப் பிடிக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். நீங்கள் போன பிறகு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “நீ என்ரை பிள்ளை” என்றார். மாமாவுக்கு முதுகு போனதிலிருந்து வேலை இல்லை, மாமி இடியப்பம் அவித்து விற்றுத்தான் அவர்கள் பங்குக் கடன் போகிறது, இந்த அடி விழுந்தால் பங்கை விற்கத்தான் வேண்டும், வாங்குகிற முதல் உரிமை எங்களுக்கு என்று அடுக்கிக்கொண்டு போனார். “கீழ்வீடு கொண்ணைக்கு” என்று உங்களைச் சொன்னார். நானும் சரி என்றேன். நான் போய்க் கேட்கிறேன் என்றேன்.

அம்மாவிடம் பிரிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மனம் இரங்கிப் போகிறேன் என்று நினைத்து அவர் கண்ணீர் விட்டார். சடங்குச் சேலையை எடுத்து எனக்குத் தானே உடுத்திவிட்டார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாவற்றையும் தட்டத்தில் அடுக்கி, அதன் மேல் ஒரு பூவையும் வைத்தார்.

மாமி கதவைத் திறந்தார். தட்டத்தைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “இஞ்சருங்கோ” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மாமா சாரத்தோடும் பழைய ஹாக்கிச் சட்டையோடும் வந்தார். என்னைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார், உள்ளே போனார். திரும்பி வரும்போது வேட்டி கட்டி, சால்வை போட்டு, திருநீறு பூசியிருந்தார். அது மண்டப வாசலில் கட்டியிருந்த அதே வேட்டி, கடை மடிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். “மாமா, என்ரை சடங்குக்கு உங்களைக் கேட்காதது பிழை. இப்ப கேட்க வந்திருக்கிறன். மாமனாய் நிண்டு அண்ணாவை மீட்டுத் தாங்கோ” என்றேன்.

“கொப்பர் அனுப்பினவரோ?” என்று அப்பாவைக் குறித்துக் கேட்டார். “நான்தான் வந்தனான்” என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதை உண்மை என்றும் இங்கே எழுத முடியவில்லை.

தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மேசையில் இருந்து எழுதத் தொடங்கினார். தமிழில் எழுதுங்கோ, நான் பிரெஞ்சில் மாற்றுவேன் என்றேன். ஆரூரன் என்று எனக்குத் தெரியும், அவன் கையைக் காட்டினவன் என்று எழுதினார். அது வழக்கறிஞருக்குப் போதும். எனக்குப் போதாது. “தெரிஞ்சுகொண்டே கள்ளன் எண்டு பொய் சொன்னன் எண்டும் எழுதுங்கோ மாமா” என்றேன். பேனை நின்றது. துஷாந்தினி அக்கா குசினி வாசலில் நின்றுகொண்டு, “பன்னிரண்டாம் பிரிவுக்கோ நிருஷா? நாங்களும் பிரெஞ்சு படிச்சனாங்கள்” என்றார்.

எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது. மாமா அக்காவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. “சும்மா இரு பிள்ளை. தட்டத்தை வாங்கினாப்பிறகு கணக்குப் பாக்கிறதில்லை” என்றார். நான் கேட்ட வரியை நான் கேட்டபடியே எழுதினார். கையெழுத்து வைத்தார். தாளை என் கையில் தரும்போது சொன்னார்: “அடுத்த பொங்கலுக்கும் பொலிசைக் கூப்பிடுறதெண்டால் கூப்பிடு. பானை பொங்கினாப்பிறகு கூப்பிடு.”

மாமி ஒரு கோப்பையில் பால் தந்தார். குடித்தேன். மேலே வர முடியாமல் நடுப்படியில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அந்த வாக்குமூலம்தான் உங்களை மீட்டது. வழக்கு முடிந்த செய்தி வந்த அன்று அப்பா லட்டு வாங்கி வந்தார். அதே கையோடு நகரசபைக்கு முறைப்பாடு எழுதச் சொன்னார். எழுதினேன். நான் இதுவரை எழுதிய பிரெஞ்சில் அதுதான் மிக நல்ல பிரெஞ்சு. எழுதும்போது ஒவ்வொரு வசனத்திலும் அந்தத் தேநீரின் ஆவியை நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. “உன்னைக் கோயிலுக்கு உடுத்தி அனுப்பிற மாதிரி அனுப்பினன்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னிவிடுவதில்லை.

அப்பா தானே கையெழுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் பொய் அழைப்பால் பாதிக்கப்பட்டவர்தான் முறைப்பாடு செய்யலாம் என்று பிரிவில் இருக்கிறது. அது நீங்கள். வரியின் இரண்டாம் தவணைக்கு முன்னம் கொடுக்கவேண்டும். ஆகவேதான் இந்தக் கடிதம், இந்தத் தாள். கீழ்வீட்டில் இப்போது ஒருவரும் எங்களைப் பற்றிப் பொலிசுக்கு அழைப்பதில்லை. அப்பாவின் கார் எவ்வளவு நேரம் புகைந்துகொண்டு நின்றாலும் அழைப்பதில்லை. துஷாந்தினி அக்கா என்னைப் பேருந்தில் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். மாமா பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம். மன்னிக்கவில்லை. நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டும் என்றுதான் இப்போதும் எனக்குள் ஒருத்தி நிற்கிறாள். அவள் தாளின் அடியில் உங்கள் பெயரை எழுதி, அதற்கு மேலே கோடும் போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் பனியில் கிடந்தது என் முகம் இல்லை. அந்த வரியை எழுதிக் கொடுத்த கையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன், அண்ணா. அந்தத் தாளைத் தபாலில் திருப்பி அனுப்பவேண்டாம். கையில் கொண்டு வாருங்கள். பகலில் வாருங்கள். பின்படியால் ஏறி, கீழ்வீட்டு யன்னலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமென்றாலும் நின்றுவிட்டு மேலே வாருங்கள். எங்கள் மேசையில் இருந்து கையெழுத்து வைப்பதென்றால் வையுங்கள், பேனையை நான் எடுத்துத் தருகிறேன். கிழிப்பதென்றால் கிழியுங்கள், அப்பாவுக்கு நான் பதில் சொல்கிறேன். எதுவென்றாலும் இங்கே வந்து செய்யுங்கள். அம்மாவுக்கு உங்கள் பெருவிரல் போதவில்லை.

போகும் இடமெல்லாம் பிள்ளையார் உங்களுக்கு முன்னால் நடக்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும் தங்கை,
நிருஷா

பி.கு.: அப்பா இரண்டு தரம் வந்து, இரண்டு வரிக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டுவிட்டுப் போனார். எழுதத் தொடங்கியபோது கீழ்வீட்டுக் குசினி வெளிச்சம் பின்படியில் விழுந்திருந்தது. இப்போது இல்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள்.